கடற்கரைக் கோயிலை மறுபடி படமெடுக்க: எந்த மாதம், எந்தப் பக்கம்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படத்தைக் கொண்டுவந்து, "இதைப் பெருசாக்கி ஃபிரேம் போட்டுக் கொடுங்கக்கா" என்று கேட்பவர்கள் என் ஸ்டுடியோவுக்கு அடிக்கடி வருவார்கள். கடை திருக்கழுக்குன்றத்தில். அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 15 கிலோமீட்டர். செல்போனில் அவர்கள் காட்டும் படங்களில் பெரும்பாலானவை காலை 11 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் நடுவில் எடுத்தவை. வானம் வெளுத்துப்போய், கல் சாம்பல் பூத்து, சிற்பமெல்லாம் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடக்கும். "கேமரா சரியில்ல போல" என்பார்கள். கேமராவில் எந்தக் குறையும் இருக்காது. "இன்னொரு தடவை போய்ட்டு வாங்க தம்பி, என்னைக்குன்னு நான் சொல்றேன்" என்று, கடையில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்து ஒரு தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அந்தச் சீட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்து விளக்கை இடம் மாற்றுவோம். மூக்கு எடுப்பாக இருந்தால் ஒரு மாதிரி, கண் குழிந்திருந்தால் ஒரு மாதிரி. கோயிலுக்கு விளக்கு சூரியன். நம்மால் அதைத் தொட முடியாது. ஆனால் அது தானாகவே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கும் தெற்குமாக இடம் மாறுகிறது. நமக்கு வேண்டிய இடத்துக்கு அது வருகிற தேதியைப் பார்த்துப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் பழைய படத்தைப் படியுங்கள்

திரும்பப் போவதற்கு முன்னால், போன தடவை எடுத்த படத்தைத் திறந்து வையுங்கள். செல்போனில் படத்தின் விவரத்தைத் தட்டினால் எடுத்த தேதியும் நேரமும் வரும். அதைக் குறித்துக்கொண்டு, படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஆட்களின் நிழல் காலடியிலேயே கிடந்தால் உச்சி வெயில். கோயிலின் நிழல் உங்களை நோக்கி நீண்டிருந்தால் சூரியன் கோயிலுக்குப் பின்னால்.

அடுத்து, எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கோயிலில் இரண்டு விமானங்கள் உண்டு. பெரியது கிழக்கே, கடலைப் பார்த்தபடி. சுமார் 60 அடி உயரம். சின்னது அதற்கு மேற்கே, ஊரைப் பார்த்தபடி. இரண்டுக்கும் நடுவே பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். படத்தில் பெரிய விமானம் இடப்பக்கமும் சின்னது வலப்பக்கமும் தெரிந்தால் நீங்கள் வடக்கே நின்றிருக்கிறீர்கள். பெரியது வலப்பக்கம் என்றால் தெற்கே. சின்னது பெரியதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றால் நுழைவாயில் பக்கம், அதாவது மேற்கே. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டிய இந்தக் கோயில் ஏறக்குறைய நேர் கிழக்கு மேற்காக நிற்பதால் திசைக் கணக்கு சுலபம்.

இப்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் பிடிக்காதது வெயிலா, வானமா, கூட்டமா? கூட்டம் மட்டும்தான் குறை என்றால் மாதத்தை மாற்ற வேண்டாம், ஒரு வாரநாளில் காலையில் போனால் போதும். வெயில்தான் குறை என்றால் மேலே படியுங்கள்.

நாள்காட்டியும் கேட்டும்

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று பள்ளியில் படித்தது வருடத்தில் இரண்டு நாள்தான் சரியாக இருக்கும்: மார்ச் 20, செப்டம்பர் 23 ஒட்டி. மாமல்லபுரத்தில் ஜூன் கடைசியில் நேர் கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை தள்ளி உதிக்கும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி. ஆக மொத்தம் 48 பாகை ஊசலாட்டம். கையை நீட்டி, விரல்களை நன்றாக விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 பாகை. அப்படி இரண்டு சாணுக்கும் மேலே. எந்தச் சுவரில் வெயில் விழும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

இதன் விளைவு ஒன்றைக் கவனியுங்கள். செப்டம்பர் கடைசி முதல் மார்ச் மூன்றாம் வாரம் வரை கோயிலின் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது, நாள் முழுக்க நிழல்தான். டிசம்பரில் வடக்குப் பக்கம் எடுத்த படம் இருட்டாக இருக்கிறது என்று புது போன் வாங்கிக்கொண்டு மறுபடி டிசம்பரிலேயே போனால் அதே இருட்டுதான் கிடைக்கும்.

இன்னொரு கணக்கு, தொல்லியல் துறையின் கேட். காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவது நீண்டகால வழக்கம். விளக்கு போட்டு மாலையில் கூடுதல் நேரம் விடுவதும் உண்டு, போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூன் தொடக்கத்தில் சூரியன் 5:42 வாக்கில் உதித்துவிடும். நீங்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே நடந்து போய்ச் சேரும்போது அது உதித்து அரைமணி ஆகியிருக்கும். ஜனவரி மூன்றாம் வாரத்திலோ 6:35 வாக்கில்தான் உதயம். கேட் திறந்து, கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்து, இடம் பார்த்து நின்றுகொள்ள அரைமணி நேரம் கையில் இருக்கும். அந்த அரைமணிதான் எல்லாம்.

ஏன் அரைமணியைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் பொன்னொளி ஒரு மணி நேரம் இருக்கும் என்று போட்டிருப்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்ந்து மெதுவாக ஏறும். இங்கே அரைமணியில் 7 பாகை ஏறிவிடும். அதற்குள் நிறம் போய்விடுகிறது.

உதய நேரத்துக்குத் தினசரி கிழிக்கும் நாள்காட்டி போதும், அமாவாசை பௌர்ணமியும் அதிலேயே இருக்கும். சூரியன் எந்தத் திசையில் வரும் என்று வரைபடத்தின் மேல் கோடு போட்டுக் காட்ட சன்கால்க், ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலிகள் இருக்கின்றன. கோயிலின் மேல் புள்ளியை வைத்து, தேதியை நகர்த்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

தை, மாசி: உள்ளே, காலையில்

ஒரே ஒரு தடவைதான் திரும்பப் போக முடியும் என்பவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்கும் தேதி ஜனவரி 20க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவில் ஒரு வாரநாள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். உதயம் கேட் திறந்த பிறகு. சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே 12 முதல் 22 பாகை தள்ளி வருவதால் கிழக்கு முகத்தில் நேராக அறையாமல் கொஞ்சம் சாய்வாக விழும்.

உள்ளே போனதும் எல்லோரும் நிற்கிற மேற்குப் பக்கத்தில் நேரத்தைக் கழிக்காமல், கோயிலைச் சுற்றிக் கடல் பக்கம் போய்விடுங்கள். பெரிய விமானத்துக்கு வடகிழக்கு மூலை பக்கமாக நின்று பாருங்கள். கிழக்கு முகத்தில் ஒளி, வடக்கு முகத்தில் நிழல், இரண்டுக்கும் நடுவில் விளிம்பு ஒன்று தரையிலிருந்து கலசம் வரை தெளிவாக எழும். விமானத்தின் கனம் அப்போதுதான் படத்தில் வரும். தென்கிழக்கில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய், இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சமாகித் தட்டையாகிவிடும்.

இடம் குறைவு என்பதால் பலர் போனை அண்ணாந்து பிடிப்பார்கள், விமானம் பின்னால் சாய்வது போல வந்துவிடும். போனை நேராகப் பிடித்து, கீழே தரை கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் பரவாயில்லை என்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். 0.5 அகலக் கோணத்தை இங்கே தொடாதீர்கள். அது விமானத்தைக் குட்டையாக்கி, காலடிக் கல்லைப் பெரிதாக்கும்.

நாள்காட்டியில் 6:35 என்று இருந்தாலும் வெளிச்சம் அந்த நேரத்துக்கு வராது. கடலின் மேல் அடிவானத்தை ஒட்டி ஒரு மேகப் பட்டை பெரும்பாலான நாட்களில் இருக்கும். குப்பத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன், ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கீழ மோடம் கட்டியிருக்கும்மா, இன்னும் பத்து நிமிசம் ஆவும்" என்றார். அப்படியே ஆனது. ஆகவே உதயம் ஆகியும் வெயில் வரவில்லையே என்று கிளம்பிவிடாதீர்கள். பட்டையைத் தாண்டி சூரியன் வெளியே வரும் அந்த முதல் சில நிமிடங்களில் வெயில் மெலிதாக, கூசாமல் இருக்கும். கல்லின் பழுப்பு நிறம் அப்போது சிவந்து கொடுக்கும்.

7 மணிக்கு மேல் விமானத்தை விட்டுவிட்டுச் சின்னச் சின்ன விஷயங்களுக்கு வாருங்கள். மதிலின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளில் பலவற்றுக்கு முகமே இல்லை. 1,300 வருட உப்புக் காற்று மூக்கையும் கண்ணையும் கரைத்து வழவழப்பாக்கிவிட்டது. உச்சி வெயிலில் இவை வெறும் கற்குண்டுகள். சாய்ந்த வெயிலில் முதுகின் வளைவும், மடக்கிய முன்னங்காலும், கழுத்து மடிப்பும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். வரிசைக்குப் பக்கவாட்டில் குனிந்து, 2 மடங்கு ஜூமில் எடுத்தால் ஒரு நந்தியின் நிழல் அடுத்த நந்தியின் மேல் விழுவது வரைக்கும் வரும்.

தெற்குப் பக்கம் ஒற்றைக் கல்லில் செதுக்கிய சிங்கம் ஒன்று இருக்கிறது. நெஞ்சில் சதுரமாக ஒரு மாடம் குடைந்து, அதற்குள் துர்க்கையை வடித்திருக்கிறார்கள். மாடத்தின் ஆழம் சில விரற்கடைதான், ஆனால் சூரியன் மேலே ஏறிவிட்டால் அது வெறும் கறுப்புச் சதுரம். காலையில் வெயில் தாழ்ந்திருக்கும்போது சிங்கத்தைச் சுற்றி ஒருமுறை மெதுவாக நடந்து, மாடத்துக்குள் வெளிச்சம் எட்டுகிற இடம் வந்ததும் நில்லுங்கள். திரையில் துர்க்கையைத் தொட்டு, வெளிச்சத்தை அங்கே பூட்டி எடுங்கள். உப்பு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசிக் கல்லுக்குள் ஏறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். கரையில் பாறைகளைப் போட்டு, சவுக்கு நட்டுக் காற்றைத் தடுத்திருக்கிறார்கள். ஆனாலும் போனது போனதுதான். அப்பா ஃபிலிமில் எடுத்து வைத்த இந்தக் கோயில் படங்கள் கடையில் இருக்கின்றன. நன்றாக எடுத்த ஒரு படம் எவ்வளவு காலத்துக்கு உதவும் என்று அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். இதனால்தான் நான் ஒவ்வொருவரையும் திரும்பப் போகச் சொல்கிறேன்.

இந்த மாதங்களில் தவிர்க்க வேண்டிய நாள் காணும் பொங்கல். அன்று கோயிலைச் சுற்றிக் கால் வைக்க இடம் இருக்காது. தைப்பூசம் வரை மேல்மருவத்தூர் போகும் செவ்வாடை பக்தர்களின் பேருந்துகள் இங்கேயும் வந்து நிற்கும். எனக்கு அது இடைஞ்சல் இல்லை. பழுப்புக் கல்லுக்கு முன்னால் சிவப்புச் சேலைகள் நகரும்போது கோயிலின் அளவு சட்டென்று புரிகிறது. கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

வைகாசி, ஆனி: வடக்குக் கரையிலிருந்து

கோடையில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள் கேட்டை மறந்துவிடுங்கள். கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பத்துக் கடற்கரை, அங்கே யாரும் எந்த நேரமும் போகலாம். மே, ஜூன் மாதங்களில் 5:15க்கெல்லாம் போய் நில்லுங்கள். சூரியன் வடகிழக்கில் உதிப்பதால், தெற்கே கோயிலைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு அது இடது தோளுக்குப் பின்னால் இருக்கும். கிழக்கு முகம், வடக்கு முகம் இரண்டிலும் வெயில் விழும். இரண்டு விமானங்களும் தனித்தனியாக, நடுவில் வானத்தோடு தெரியும். டிசம்பரில் இதே இடத்தில் நின்றால் சூரியன் இடது கண்ணுக்கு முன்னால் வந்து, கோயில் கறுத்துவிடும். டிசம்பரில் போகிறவர்கள் தெற்குக் கரைக்குப் போக வேண்டும், கணக்கு அப்படியே தலைகீழ்.

தூரம் இருக்கிறது. போனில் 3 மடங்கு, கேமராவில் 100 முதல் 200 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். முன்னால் ஃபைபர் படகுகள் கரையேற்றிக் கிடக்கும். அவற்றைத் தவிர்த்து வெறும் மணலை வைப்பதைவிட, ஒரு படகின் மூக்கை ஓரத்தில் வைத்தால் தூரம் படத்தில் வரும். வலையையும் கயிறையும் மிதிக்காதீர்கள். விடியற்காலையில் போன படகுகள் திரும்பி வரும் நேரத்தில் படகைக் கரையேற்ற ஆட்கள் ஓடுவார்கள், வழியில் நிற்கக் கூடாது. கோயிலை நெருங்கிப் போகலாம் என்று அலையடிக்கும் பாறைகளின் மேல் ஏறவும் வேண்டாம். பாசி வழுக்கும், இந்தக் கரையில் இழுப்பும் அதிகம்.

மாசி மகத்தை ஒட்டி இந்தக் கடற்கரை முழுக்க இருளர் குடும்பங்கள் வந்து தங்கும். சேலையால் கூடாரம் கட்டி, கன்னியம்மனைக் கும்பிட்டு, மணலிலேயே காதுகுத்தும் கல்யாணமும் நடத்துவார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் கூடும் நாள் அது. கூடாரத்துக்குள் லென்ஸை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது. பேசுங்கள், கேளுங்கள், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். எடுத்தால் படத்தை அனுப்பி வையுங்கள்.

உச்சி வெயிலுக்கும் ஒரு காலம் உண்டு

மத்தியானம் மட்டும்தான் வர முடியும் என்றாலும் வழி இருக்கிறது. இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, எனவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஏப்ரல் 24 வாக்கில் மதியம் 12:07க்கு மாமல்லபுரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவார்களே, அதுதான். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 19 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும் வரை, நடுப்பகலில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஜூன் 21 அன்று வடக்கே சுமார் 11 பாகை சாய்ந்திருக்கும்.

அதாவது குளிர்காலம் முழுக்க நிழலில் கிடக்கும் வடக்குச் சுவரில், இந்த நான்கு மாதமும் நடுப்பகல் வெயில் மேலிருந்து உரசிக்கொண்டு இறங்குகிறது. ஜூன் 21 நண்பகலில் கணக்குப் போட்டால், ஒரு சாண் துருத்தி நிற்கும் கொடுங்கை, அதாவது சுவரின் மேல் விளிம்பில் வளைந்து நீளும் கல் இறவாணம், சுவரின் மேல் ஐந்து சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக நிழல் போடும். தளம் தளமாக இருக்கும் விமானத்தில் ஒவ்வொரு கொடுங்கையும் இப்படி ஒரு நிழலைத் தொங்கவிடும்போது, அடுக்குகள் எண்ணி எடுக்கலாம் போலத் தெளிவாகப் பிரியும். மூலைகளில் எழும்பி நிற்கும் சிங்கங்களின் பிடரியும் நெஞ்சும் சுவரைவிட்டு வெளியே வரும்.

வடக்குப் பக்கத்தில் 1990இல் மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த வட்டமான பள்ளம் ஒன்று உண்டு, படிகளும் குட்டிக் கோயிலும் வராகமும் உள்ளது. மற்ற நேரங்களில் அதன் பாதி நிழலில் இருக்கும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் அடிவரை வெயில் இறங்கும். இந்த நேரத்துப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவது என் வழக்கம். வானத்தை முடிந்த மட்டும் ஒதுக்கி, கல்லை மட்டும் வைத்து எடுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், தரை கொதிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை: மாலையில்

அக்டோபர் தொடக்கம் முதல் ஜனவரி முதல் வாரம் தாண்டி வரை சூரியன் 6 மணிக்குள் அஸ்தமிக்கும். நவம்பர் மூன்றாம் வாரத்தில் 5:39க்கே. ஆகவே மாலை வெயிலில் சின்ன விமானத்தின் மேற்கு முகத்தை எடுக்க இதுதான் காலம். ஜூனில் கேட் மூடும் 6 மணிக்கு சூரியன் இன்னும் நன்றாக மேலே இருக்கும். மேற்கே ஊரும் கலங்கரை விளக்கக் குன்றும் மரங்களும் மறைப்பதால், அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்பே கோயிலின் அடிப்பாகம் நிழலுக்குள் போய்விடும். நவம்பரில் 5 மணிக்கே இடம் பிடித்து நில்லுங்கள்.

மழைக்காலமாயிற்றே என்று தயங்க வேண்டாம். வடகிழக்குப் பருவத்தில் மழை கடல் பக்கமிருந்து வருகிறது. கிழக்கே கருமேகம் திரண்டு நிற்க, மேற்கே சூரியன் ஒரு இடைவெளியில் எட்டிப் பார்த்தால், கறுத்த வானத்துக்கு முன்னால் கோயில் மட்டும் ஒளிர்ந்து நிற்கும். வருடத்தில் மிக அழகான வெளிச்சம் இது என்பது என் தீர்ப்பு, ஆனால் சொல்லி வைத்துக் கிடைக்காது. முதல் நாள் மழை விட்டிருக்க வேண்டும், மறுநாள் மாலை மேற்கே வெளுத்திருக்க வேண்டும். கிட்டத்தில் இருப்பவர்கள் மழை ஓய்ந்த மாலையில் சட்டென்று கிளம்பிவிடுங்கள். மழை விட்ட பிறகு தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கி நின்றால் போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரை ஒட்டி இருக்கும்படி எடுங்கள், கோயில் அதில் முழுதாக விழும்.

நிலவோடு எடுக்க ஆசைப்படுபவர்கள் பௌர்ணமிக்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியன்று நிலவு சூரியன் மறையும் நேரத்தில்தான் எழும். முந்தைய நாள் ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக எழுந்துவிடும். அப்போது கோயிலில் வெயிலும் இருக்கும், வானத்தில் நிலவும் இருக்கும். குளிர்காலத்து முழுநிலவு கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி எழும் என்பதால், நீங்கள் கோயிலுக்குத் தென்மேற்கே நிற்க வேண்டும். 100 மீட்டர் தள்ளி நின்றால் விமானத்தின் உச்சி தரையிலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில் தெரியும். நிலவு எழுந்து முக்கால் மணி நேரத்தில் அந்த உயரத்துக்கு வந்துவிடும்.

பையில் இருக்க வேண்டியது

முக்காலிக்கும் தொழில்முறைப் படப்பிடிப்புக்கும் தொல்லியல் துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், ட்ரோனுக்கு அனுமதி இல்லை. முக்காலி இல்லாமலே சமாளிக்கலாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு அழுத்துங்கள். கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 800இல் வைத்தால் உதயத்துக்குக் கொஞ்சம் முன்பே கையில் பிடித்து எடுக்கலாம். சுவரிலோ சிற்பத்திலோ சாய்ந்து எடுக்காதீர்கள்.

ஏசி அறையில் தங்கியிருந்தால், கேமராவைக் கிளம்புவதற்கு அரைமணி முன்னால் பையோடு வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படிந்து, நல்ல வெளிச்சம் போகும்வரை துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். உப்பு ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் படியும், எனவே ஒரு பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதனால் ஒற்றி எடுத்து, பிறகு காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துணியை முதலில் போட்டால் மணல் கீறிவிடும்.

வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 'வெயில்' குறியில் வையுங்கள். தானியங்கி, காலை நேரச் சிவப்பைக் குறை என்று நினைத்து நீக்கிவிடும். போனில் எச்டிஆரை, அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் வசதியை, அணைக்க முடிந்தால் அணையுங்கள். நிழலையெல்லாம் தூக்கிவிட்டால், இவ்வளவு தூரம் தேடி வந்த சாய்வு வெளிச்சத்துக்கு வேலையில்லாமல் போகும். திரையில் கோயிலைத் தொட்டதும் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்து, வானம் வெளுக்காத அளவுக்கு இருட்டாக்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நின்ற இடம், தேதி, நேரம், மேகம் எப்படி இருந்தது என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மார்ச் வந்துவிட்டது, தை மாசியைத் தவறவிட்டோம் என்பவர்கள் அடுத்த தைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் வாரம் வரை உதயம் 6 மணிக்குப் பிறகுதான். பங்குனியில் சூரியன் நேர் கிழக்கே வந்து, பெரிய விமானத்தின் வாசலுக்கு நேராக நிற்கும். நடுவில் நின்று, வாசலை நேராக வைத்து எடுக்க அதுவே சரியான சமயம். அந்த மாதம் பிரிண்ட் போட வருகிறவர்களுக்கு மார்ச் 20ஐ ஒட்டி ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமையை எழுதிக் கொடுக்கிறேன்.